முப்பத்திரண்டைக் காணவில்லை

என் மாமியாரின் போனை யாராவது குறை சொன்னால் அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன், அதாவது என் கணவர், தான் வைத்திருந்து பழகிய பிறகு அம்மாவுக்கென்று கொடுத்துவிட்ட போன் அது. எங்கள் ஊரில் இதுதான் வழக்கம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை புதுப் போன் வாங்கினால் பழையது ஊருக்கு வரும். சோப்பு, தைலம், பாதாம்பருப்பு எல்லாவற்றோடும் பெட்டிக்குள் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வரும். வயசான ஒருத்தர் கடைக்குப் போய்ப் போன் வாங்கினார் என்றால், பிள்ளை கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று ஊர் பேசும். அதனால் எங்கள் ஊரில் வயலுக்குப் போகிறவர்கள் மடியில் இருப்பதெல்லாம் பிள்ளைகள் வைத்திருந்து கொடுத்த பழைய போன்கள்.

இதை நான் இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், என் தோழிக்கும் இது நன்றாகத் தெரியும் என்பதுதான். தெரியாமல் செய்துவிட்டாள் என்று அவளுக்காக யாரும் வக்காலத்து வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

நாங்கள் இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். திருவனந்தபுரத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். எனக்குக் குழந்தை பிறந்தபோது நான் வேலையை விட்டேன். கொஞ்ச நாளில் அவளும் விட்டுவிட்டு வந்தாள். நாகர்கோவில் வடசேரியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே அறை பிடித்து, போன்களுக்குச் செயலி செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கினோம். நிரல் எழுதுவது நான். ஆட்களோடு பேசுவதும், செய்து முடித்ததைப் பொதி கட்டிச் செயலிக் கடையில் ஏற்றுவதும் அவள். எனக்குப் பேச வராது, வந்தால் சண்டையாக வரும். அவளுக்கு அப்படி இல்லை. கோபமாக வந்தவனை டீ குடிக்க வைத்து அனுப்புகிற வாய் அவளுக்கு. என் வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டே உண்டு. என் மாமியார் என்னை ஏட்டி என்பார்கள், அவளை மக்களே என்பார்கள். அதில் எனக்குப் பொறாமை கூட இருந்தது.

எங்கள் ஊர் கடைவரம்பில் இருக்கிறது. பேச்சிப்பாறையில் அணையைத் திறந்தால், மேலே இருக்கிற வயல் பத்துகள் எல்லாம் குடித்து முடித்த மிச்சம்தான் எங்கள் பத்துக்கு வந்து சேரும். மழை குறைந்த வருஷத்தில் அதுவும் நேராக வராது, முறைவைத்துத்தான் விடுவார்கள். எங்கள் முறை காலையில் வரலாம், உச்சி வெயிலில் வரலாம். வந்தால் கொஞ்ச நேரம்தான் ஓடும். அந்த நேரத்தில் அவரவர் வயலில் ஆள் நின்று மடையைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பாட்டுக்கு ஓடைக்குப் போய்க் கடலில் விழுந்துவிடும். அடுத்த முறைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

முன்பெல்லாம் தண்ணீர் வந்தால் அம்மன் கோயில் மைக்கில் சொல்வார்கள். கரண்ட் இல்லையென்றால் அதுவும் இல்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கடைசி வீடுகளுக்குக் கேட்காது. அதற்காகத்தான் நான் அந்தச் செயலியைச் செய்தேன். கால்வாய் பிரிகிற இடத்தில் ஷட்டரைத் திறக்கிற சங்கத்து அண்ணாச்சி தன் போனில் ஒரு பொத்தானை அமத்துவார். உடனே கடைப் பத்தில் வயல் உள்ள எல்லார் போனும் மணி அடித்து, தண்ணி வந்தாச்சு என்று வாய் திறந்து பேசும். அந்தக் குரல் கூட என்னுடையதுதான். விவசாய சங்கக் கூட்டத்தில் இதைக் காட்டியபோது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு பெரியவர் மட்டும், மைக்கை நிறுத்திய பிறகு இது ஓடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் தோழி எழுந்துவிட்டாள். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“ஓடும் அண்ணாச்சி. எந்தப் போன் ஆனாலும் ஓடும். எங்க ரெண்டு பேரையும் நம்புங்க,” என்றாள்.

நம்பினார்கள். அடுத்த கொடைத் திருவிழாவின்போது கோயில் ஒலிபெருக்கி கெட்டுப்போனபோது அதைப் பழுது பார்க்கக் கூட யாரும் அவசரப்படவில்லை. அதுதான் போன் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

அதே கூட்டத்தில் அவள் இன்னொன்றும் செய்தாள். செயலிக் கடையில் எங்களுக்கு நட்சத்திரம் போடுவது எப்படி என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். வரிசையாக ஐந்து நட்சத்திரம் இருக்கும், அமத்துங்கள் என்றாள். எங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். இடது பக்கத்தில் முதலில் இருந்ததை அமத்தினார்கள். அது பொன் நிறமாக மாறியது. வோட்டு மெஷினில் ஒரு தடவை அமத்தினால் போதும் அல்லவா, அதுபோல வேலை முடிந்தது என்று போனை மடியில் வைத்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் எங்களுக்கு விழுந்தது எல்லாம் ஒற்றை நட்சத்திரம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு அடுத்த வருஷம், கன்னிப்பூ என்கிற முதல் போக விதைப்பு நேரத்தில், செயலியில் சில திருத்தங்கள் செய்து புதிய பதிப்பை முடித்தேன். புதியது வெளிவந்ததும் பழையது வேலை செய்யாது. புதியதை ஏற்றுங்கள் என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். அப்படித்தான் அமைத்திருந்தோம். பொதி கட்டி ஏற்றுகிற வேலையை வழக்கம்போல அவளிடம் விட்டுவிட்டு, தங்கையின் பிரசவத்துக்காக நான் மகளையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். விதைத்திருக்கிறோம், போய்விட்டுச் சட்டென்று வா என்று அத்தை, அதாவது என் மாமியார், சொன்னார்கள். இந்தப் பூவில் அவர்கள் வயலில் வேறு ஒருவரையும் கூட்டாமல் தாங்களே நின்று விதைத்திருந்தார்கள். மாமா போன பிறகு அந்த வயல்தான் அவர்களுக்கு எல்லாம். வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று மகன் போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார். இந்தத் தடவை விளைவித்துக் காட்டாவிட்டால் கொடுத்துவிடுகிறேன் என்று அத்தை அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அந்தப் பூ பிழைத்தால் வயல் அவர்கள் கையில், பிழைக்காவிட்டால் வேறு யார் கையிலோ.

நான் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தபோது இங்கே புதிய பதிப்பு வந்தது. அத்தையின் போனில் அது ஏறவில்லை. ஏற்றச் சொல்கிறது, ஏற்றினால் ஏறவில்லை என்கிறது. அத்தை என் தோழியைக் கூப்பிட்டார்கள். அவள் அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இடம் நிறைந்துவிட்டது அத்தை, தேவையில்லாததை அழித்தால் ஏறும் என்றாள். ஒவ்வொன்றாகக் காட்டி இது வேண்டுமா, இது வேண்டுமா என்று கேட்டாள். அத்தை வேண்டாம், வேண்டாம் என்றார்கள். கோயில் கொடைப் படங்கள் போயின. பேத்தியின் நடனம் போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் மகன் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய குரல் செய்திகள், வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவை, அவையும் போயின. அவற்றை அத்தை மதியத்தில் பாயில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அவ்வளவையும் அழித்த பிறகும் ஏறவில்லை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் முதல் முறைத் தண்ணீர் வந்து போனது.

மேல் வரப்பில் புதுப் போன் வைத்திருந்த இரண்டு மூன்று பேருக்கு மணி அடித்திருக்கிறது. அவர்கள் தங்கள் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொண்டு, பாய்ந்ததும் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எல்லாருக்கும் அடித்திருக்கும் என்றுதானே நினைப்பார்கள். பழைய போன்காரர்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அத்தை சாயங்காலம் வயலுக்குப் போனபோது வாய்க்காலில் ஈரம் மட்டும் இருந்தது. நான் ஊருக்கு வந்து இறங்கியபோது வயல் வெடிப்பு விட்டிருந்தது, முளைத்தது பாதி காந்தியிருந்தது. அத்தை என்னைத் திட்டவில்லை. தன் போனில் இடமில்லாமல் போனதால் வந்த வினை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறைத் தண்ணீரையும் விட்டால் அந்தப் பூ அவ்வளவுதான் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

டீக்கடைப் பக்கம் போனால் அங்கேயும் இதே கூத்து. எங்கள் ஊரில் செயலியைக் கடையிலிருந்து இறக்குகிறவர்கள் குறைவு. ஒருத்தர் போனிலிருந்து அடுத்தவர் போனுக்கு அனுப்பிக்கொள்வார்கள். புதுப் போன்காரரிடமிருந்து வாங்கிப் பழைய போனில் ஏற்றப் பார்த்து, ஏறாமல், ஆளாளுக்கு உட்கார்ந்து எதை எதையோ அழித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால், உன் கூட்டுக்காரிக்குப் போன் செய்தபோது அவள்தான் அப்படிச் சொன்னாள் என்றார்கள். ஒருத்தர் மகளின் கல்யாணப் படங்களை அழித்திருந்தார்.

இடம் இல்லாததால் ஏறாமல் இருந்தால் திரையில் வருகிற வாசகம் வேறு. அத்தையின் போன் காட்டியது அது அல்ல. இந்தப் பொதி உனக்கானது இல்லை என்று அது சொன்னது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். போனுக்குள் இருக்கிற பிராசசர் எல்லாப் போனிலும் ஒரே வகை அல்ல. பழையவற்றில் முப்பத்திரண்டு பிட், புதியவற்றில் அறுபத்து நான்கு. எங்கள் செயலியில் பேசுகிற பகுதியை இரண்டு வகைக்கும் தனித்தனியாகச் செய்து ஒரே பொதியில் வைக்க வேண்டும். பொதி கட்டும் மென்பொருளில் அதற்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் டிக் போட்டால் எல்லாப் போனிலும் ஏறும். ஒன்றை விட்டுவிட்டால் அந்த வகைப் போனில் தலைகீழாக நின்றாலும் ஏறாது. எந்தப் போன் ஆனாலும் ஓடும் என்று அவள் கூட்டத்தில் சொன்னாளே, அந்த வாக்கு இந்த இரண்டு டிக்கில்தான் இருந்தது.

மறுநாள் வடசேரி அறைக்குப் போய் எங்கள் கணினியைத் திறந்தேன். முப்பத்திரண்டுக்கான கட்டத்தில் டிக் விட்டுப்போயிருக்கும், போட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கட்டமே இல்லை. அறுபத்து நான்கு மட்டும் தன்னந்தனியாக நின்றது.

என் தோழி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது என்றாள். முழுசாக அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியும் பார்த்தாயிற்று, வரவில்லை, பழைய போன்களை அவர்களே கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றாள். அவள் சொன்னதை நம்பி நான் அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் செயலியில்தான் ஏதோ கோளாறு என்று நிரலை வரி வரியாகப் பிரித்துப் போட்டேன். அமைப்புகள் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பொதி கட்டினேன். காலையில் போய் உட்கார்ந்தால் கடைசி டவுன் பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பேன். அத்தை தினமும் போனில், ஆச்சா மக்களே என்று கேட்பார்கள். என்னைப் போய் மக்களே என்கிறார்களே, எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனை நாளும் அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். கீழே போய் டீ வாங்கி வந்து கொடுத்தாள். என் கழுத்து வலித்தபோது தைலம் தேய்த்துவிட்டாள். இந்த எளவுக்காக உடம்பைக் கெடுத்துக்காதே என்றாள். நான் தப்பான இடத்தில் தோண்டுகிறேன் என்று தெரிந்துகொண்டே தைலம் தேய்த்தாள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குப் போகாமல் வீட்டிலேயே, மகள் பாடம் படிக்கிற பழைய லேப்டாப்பில் அந்த மென்பொருளை ஏற்றினேன். புதுப்பித்த பதிப்புதான், வடசேரியில் இருக்கிற அதே பதிப்பு. திறந்து பார்த்தால் இரண்டு கட்டமும் இருந்தன. முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு. மென்பொருள்காரன் யாரையும் கைவிடவில்லை.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. எங்கள் செயலியின் கோப்புகளை லேப்டாப்பில் இறக்கி, இரண்டிலும் டிக் போட்டுப் பொதி கட்டினேன். பாதியில் நின்றது. பேசுகிற பகுதியின் முப்பத்திரண்டு பிட் துண்டைக் காணவில்லை என்றது. நான் என் கையால் செய்து வைத்த துண்டு அது. எங்கள் சொந்தக் கோப்புறையில் இருந்தது. அந்தக் கோப்புறை வெறுமையாக இருந்தது. வடசேரிக் கணினியில் மென்பொருளின் ஒரு பகுதியை யாரோ கழற்றியிருக்கிறார்கள், எங்கள் துண்டையும் அழித்திருக்கிறார்கள். அந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அத்தை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அந்தத் துண்டைத் திரும்பச் செய்ய அன்றைய பகல் முழுக்க ஆயிற்று. பழைய பிராசசருக்குத் தகுந்தபடி சில இடங்களை மாற்ற வேண்டியிருந்தது. குரல் ஒரு தடவை கீச்சென்றும் ஒரு தடவை கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலவும் வந்தது. சாயங்காலம் பொதி முழுசாகக் கட்டியது. அத்தையின் போனில் ஏற்றினேன். மறு பேச்சில்லாமல் ஏறியது. அத்தை போனைக் கையில் வாங்கி, பாத்தியா, எனக்க போனுக்கு ஒரு குறையும் கிடையாது என்றார்கள். அழித்த குரல்களைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் வருவதற்கு முன்பே போய் அறையில் உட்கார்ந்தேன். அவள் வந்து பையை வைத்ததும், அந்தத் துண்டை என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. அதற்காவது நன்றி சொல்ல வேண்டும்.

கேரளத்து எஸ்டேட் கம்பெனி ஒன்று எங்கள் செயலியைத் தன் தோட்டங்களுக்கு எடுத்துக்கொள்ளப் பேசிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும். கடையில் உங்கள் நட்சத்திரம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது, ஏன் அடிக்கடி நின்று போவதாகக் காட்டுகிறது என்று அவர்கள் கேட்டது எனக்குத் தெரியாது. பழைய போன்களில்தான் அது நின்று நின்று போகும். ஒவ்வொரு பதிப்புக்கும் மறக்காமல் ஒற்றை நட்சத்திரம் போடுவதும் அந்தப் பழைய போன்காரர்கள்தான். அவர்களை வெளியே தள்ளிவிட்டால் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். கட்டம் இருந்தால் நான் பழக்க தோஷத்தில் டிக் போட்டுவிடுவேன் என்று கட்டத்தையே கழற்றியிருக்கிறாள். கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதை நான் பக்கத்து நாற்காலியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

“ஒரு மாசத்துக்குத்தான் மக்கா. அவனுவ கையெழுத்து போட்டதும் திருப்பி வெச்சிருப்பேன். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துதான் செஞ்சேன்.”

“எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா நீ விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. அந்த ஒரு மாசம் விதைப்பு மாசம் என்றேன். அந்த நட்சத்திரங்களை அமத்தச் சொன்னதே நீதானே என்றேன். உன்னை நம்பித்தானே மைக்கை நிறுத்தினார்கள், உன்னை நம்பித்தானே அந்த மனுஷன் பிள்ளையின் கல்யாணப் படத்தை அழித்தார் என்றேன். என் குரல் கீழே பாத்திரக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் என் மனசைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். முதல் முறைத் தண்ணீர் வந்த அன்று நீ எங்கள் வீட்டில்தானே இருந்தாய், உன் போன் புதிது, சோதித்துப் பார்க்க அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம், அது அடித்திருக்குமே என்று கேட்டேன்.

அதற்குத்தான் அவள் அழுதாள்.

“எனக்க போனு சார்ஜ் தீந்து செத்துக் கெடந்துதுட்டி. சத்தியமா தண்ணி வந்தது எனக்குத் தெரியாது. அத்தைக்க வயலுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருப்பனா? அவ்வளவு கல்நெஞ்சுக்காரியா நான்?”

நம்பினேன். நம்ப வேண்டும்போல இருந்தது. மற்றதெல்லாம் ஆசை, தொழில் வெறி, கண்மூடித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். சோறு போட்ட வீட்டுக்கு முன்னால் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இவளால் முடியாது என்று நினைத்தேன். என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அந்த அறைக்கு அதற்குப் பிறகு போகவில்லை. எஸ்டேட்காரர்கள் அவளை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை.

புதிய பொதியைக் கடையில் ஏற்றினேன். ஆனாலும் வீடு வீடாக நானே போனேன். ஒவ்வொரு போனையும் வாங்கி, என் கையால் ஏற்றி, ஒரு தடவை அடிக்க வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் போனைத் தரவில்லை. இருக்கிற மிச்சத்தையும் அழிக்கப் போறியா என்று ஒருத்தர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன், ஆனால் அவர் கேட்டதில் தப்பு இல்லை. என் கூட்டுக்காரிதான் செய்தாள் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மென்பொருள் கோளாறு, சரிசெய்தாயிற்று என்று மட்டும் சொன்னேன். அத்தையிடமும் அதையேதான் சொன்னேன். அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரமே ஒரு முற்பகலில் அத்தையின் போன் அடித்தது. அவர்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரலிலேயே, தண்ணி வந்தாச்சு என்றது. அத்தை ஈரத் துணியை அப்படியே கொடியில் எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பின்னாலேயே நானும் ஓடினேன். கடைப் பத்தில் ஆங்காங்கே ஆட்கள் ஓடி வருவது தெரிந்தது. எல்லார் மடியிலும் என் குரல் கத்திக்கொண்டிருந்தது. அத்தை மடையை வெட்டிவிட்டார்கள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. கருகின பக்கம் கருகினதுதான். மற்றப் பக்கம் தலை நிமிர்ந்துவிடும் என்று தெரிந்தது. பாதி வயல் போதும், மகன் வாயை அடைக்க என்றார்கள் அத்தை.

தண்ணீர் பாய்கிற வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அந்தப் பிள்ளையை ஏன் இந்தப் பக்கம் காணவில்லை, ஒரு நாள் வரச் சொல், உள்ளித்தீயல் வைத்துக் கொடுக்கலாம் என்றார்கள். வரமாட்டாள் என்றேன். ஏன் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு நம்ம வயலும் வேண்டாம், நாமும் வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏட்டி, அவள அப்படிச் சொல்லாத, கேட்டியா. அவளுக்குள்ள கரிசனம் உனக்குக் கிடையாது. எனக்க போனப் பாக்க வந்த அன்னைக்கு மத்தியானம் சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போ அவளுக்க போனு சத்தமில்லாம மினுங்கிச்சு, எடுத்துப் பாத்தா. பாத்துட்டு, ‘அத்தை, இன்னைக்கு வயலுக்குப் போகலியா’ன்னு அவளாத்தான் கேட்டா. நம்ம வயலப் பத்தி வேற எவ கேப்பா?”

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நான் என்ன சொல்ல? முறை இன்னும் வரல்லியே மக்களே, வந்தா உங்க போனுதான் விளிக்குமேன்னேன். அவ ஒண்ணும் சொல்லல்ல. இன்னும் கொஞ்சம் மோரு ஊத்துங்க அத்தைன்னா. ஊத்தினேன்.”

அத்தை எழுந்து மடையை அடைக்கப் போனார்கள். நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று வரைக்கும் அவள் என்றாவது வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை இப்போதும் மாதம் ஒரு தடவையாவது அவளை வரச் சொல்லச் சொல்கிறார்கள். அவர்கள் கையால் மோர் வாங்கிக் குடித்தவள் என்ன செய்தாள் என்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.